பாதியில் பி.பி.ஏ., பி.காம். மாறுவது எப்படி? குமரி மாவட்ட மாணவர்களுக்கு

டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு சீட் தேடாதீர்கள். பாதியில் கல்லூரி மாறுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த ஒரு இடத்தில்தான். ஹால் டிக்கெட், அட்டென்டன்ஸ், உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் பழைய கல்லூரியின் பதிவில் இருக்கும். டி.சி. கையெழுத்தான அன்றைக்கே அத்தனையும் அறுந்துவிடும். புதிய கல்லூரியில் "சீட் இருக்கு, வாங்க" என்று வாயால் சொன்னது அடுத்த வாரம் "யுனிவர்சிட்டி அப்ரூவல் வரல்ல" என்று திரும்பினால் அந்த வருஷம் வீட்டில்தான். புதிய இடத்தின் சம்மதம் எழுத்தில் வந்த பிறகே பழைய இடத்தில் டி.சி.க்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பி.எஸ்சி., பி.ஏ., பி.இ. என்று ஏதோ ஒன்றில் சேர்ந்து, ஒன்றிரண்டு செமஸ்டர் ஓடிய பின் வணிகம், மேலாண்மை பக்கம் வர நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. பெற்றோரும் கூட உட்கார்ந்து படிப்பது நல்லது. கட்டணம் கட்டுகிறவர்கள் அவர்கள்தானே.

எந்த வருஷத்தில் உட்கார வைப்பார்கள்?

சீட் கிடைக்குமா என்பதை விடப் பெரிய கேள்வி இதுதான். பதில், நீங்கள் எந்த வகையில் மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

படிப்பு அதே, கல்லூரி மட்டும் வேறு என்றால் வேலை எளிது. நாகர்கோவிலில் பி.காம். முதல் வருஷம் முடித்தவர் மார்த்தாண்டத்தில் பி.காம். இரண்டாம் வருஷம் சேர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் என்றால் சிலபஸ் ஒன்று, கேள்வித்தாள் ஒன்று. இரண்டு பிரின்சிபால்களின் சம்மதமும் பல்கலையின் அனுமதியும் இருந்தால் நேராக மூன்றாம் செமஸ்டரில் உட்காரலாம். இதில் ஒரு கொக்கி உண்டு. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். பட்டம் அதே பல்கலை கொடுப்பதுதான். ஆனால் சிலபஸும் தேர்வும் கல்லூரியுடையவை. ஒரே பல்கலைக்குள் மாறினாலும் அங்கே பேப்பருக்குப் பேப்பர் ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார்கள்.

மேஜரே மாறுகிறது என்றால், அதாவது பி.எஸ்சி. கணிதத்திலிருந்து பி.பி.ஏ., பி.ஏ. ஆங்கிலத்திலிருந்து பி.காம். என்றால், தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். பல்கலையே மாறும்போதும், அண்ணா பல்கலையின் பி.இ.யிலிருந்தோ கேரளப் பல்கலையிலிருந்தோ வரும்போதும், நிலைமை இதுவே. "நேரா செகண்ட் இயர் போட்டுத் தாறோம்" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால், எந்த விதியின் கீழ், எந்தப் பேப்பர்களுக்கு ஈடாக என்று எழுதிக் கேளுங்கள். வெளிமாநிலப் பல்கலையின் பெயரில், படிக்காத வருஷத்துக்கும் மதிப்பெண் பட்டியல் தருகிறோம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதம் பின்னால் அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் ஆளையே கவிழ்த்துவிடும்.

ஏன் நேராக இரண்டாம் வருஷம் கிடைப்பதில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் மூன்று வருஷப் பட்டத்துக்கு 140 கிரெடிட், அதாவது ஒவ்வொரு பேப்பருக்கும் தரப்படும் எடைப் புள்ளிகளின் கூட்டுத்தொகை. முதல் இரண்டு செமஸ்டருக்கும் தலா 23. ஒரு செமஸ்டரின் 23-ஐப் பிரித்தால் பார்ட் ஒன் தமிழ் 3, பார்ட் டூ ஆங்கிலம் 3, மேஜர் பேப்பர் இரண்டுக்கு 10, விருப்பப் பாடம் 3, மீதி 4 திறன் வளர்ப்பு, அடிப்படைப் பாடம் வகையில் வரும்.

கணிதத்தில் முதல் வருஷம் முடித்த மாணவி பி.பி.ஏ. மூன்றாம் செமஸ்டர் கேட்கிறார் என்று வையுங்கள். கையில் 46 கிரெடிட். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து 12 கிரெடிட் அப்படியே வரும். திறன் வளர்ப்புப் பேப்பர்களையும் ஏற்றுக்கொண்டால் இன்னும் 6. ஆக 18. மிச்சம் 28 கிரெடிட், அதாவது மேஜர் நான்கு, விருப்பப் பாடம் இரண்டு, மேஜரை ஒட்டிய அடிப்படைப் பாடம் ஒன்று என ஏழு பேப்பர், பி.பி.ஏ.வில் அவருக்கு இல்லாதவை. முதல் செமஸ்டரில் விடுபட்ட நான்கை நவம்பர் தேர்விலும், இரண்டாம் செமஸ்டரில் விடுபட்ட மூன்றை ஏப்ரலிலும் எழுத வேண்டும். மூன்றாம் செமஸ்டரின் சொந்தப் பேப்பர்கள் ஏழோடு சேர்த்தால் நவம்பரில் 11 பேப்பர். இதை விடப் பெரிய சிக்கல் இன்டர்னல். வகுப்பிலேயே உட்காராத பேப்பருக்கு 25 மதிப்பெண் இன்டர்னலை யார், எந்தத் தேர்வின் அடிப்படையில் போடுவது? இதற்குத் தெளிவான பதில் இல்லாத கல்லூரியில் இரண்டாம் வருஷச் சீட் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பேப்பர் பாஸாகாமல் கடைசி வருஷம் வரை இழுக்கும்.

ஒரு வருஷம் போகிறதே என்று வீட்டில் சொல்வது நியாயமான கவலைதான். ஆனால் முதல் வருஷத்திலிருந்து சுத்தமாகத் தொடங்குகிறவர் அக்கவுன்டிங்கை அடியிலிருந்து படிக்கிறார், அரியர் இல்லாமல் வெளியே வருகிறார். ஏழு பேப்பரை முதுகில் சுமந்தபடி இரண்டாம் வருஷத்தில் ஏறியவர் மூன்று வருஷத்தில் முடிப்பது அபூர்வம். முதல் வருஷம் முடித்து மேஜர் மாறுகிறவர்களுக்கு எங்கள் யோசனை: முதல் வருஷத்திலேயே சேருங்கள்.

எப்போது மாறலாம்

சேர்ந்த முதல் சில வாரங்களில், அதே கல்லூரிக்குள் மேஜர் மாறுவதுதான் செலவு குறைந்த வழி. சேர்க்கை முடியும் தேதிக்குள் பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம், இரண்டு துறைத் தலைவர்களின் கையெழுத்து, கட்டண வித்தியாசம். டி.சி. தேவையில்லை, பல்கலைக்குப் போக வேண்டியதில்லை. பொறியியல் கலந்தாய்வின் சுற்றுகள் நடக்க நடக்கக் கலைக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் பி.இ.க்கும் நர்ஸிங்குக்கும் பிரிந்து போவார்கள். அப்போது இடம் காலியாகும். வாரம் ஒருமுறை ஆபீஸில் தலை காட்டிக் கேட்கிறவருக்கு அந்தச் சீட் கிடைக்கிறது. பி.காம். இடம் அவ்வளவு எளிதில் காலியாகாது, பி.பி.ஏ.வில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஒரே கல்லூரியில் எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். காலியாவது எந்தப் பிரிவில் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், கட்டணம் இரண்டுக்கும் வெகு தூரம்.

அந்தத் தேதி தாண்டிவிட்டால் அடுத்த வாசல் முதல் வருஷக் கடைசி. மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் புதிய மாணவர்களோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கல்லூரி என்றால் மாநிலம் முழுவதற்குமான இணைய விண்ணப்பம் வழியாக. எய்டட், தனியார் கல்லூரிகளுக்கு நேரடியாக. உங்கள் ரேங்க் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் வரும், கல்லூரி மதிப்பெண்ணை வைத்தல்ல. பி.பி.ஏ.வுக்குப் பெரும்பாலும் எந்த குரூப் படித்திருந்தாலும் போதும். பி.காம்.முக்கு வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. பயோ-மேத்ஸ் குரூப்காரர்கள் இரண்டுக்குமே விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

இரண்டாம் வருஷம் முடிந்த பிறகு மாற வேண்டாம். மூன்றாவது வருஷத்தை முடித்துவிட்டு எம்.பி.ஏ. பாருங்கள், கீழே அதைச் சொல்லியிருக்கிறோம்.

மாறத் தீர்மானித்த பிறகும் இப்போதைய கல்லூரியில் தேர்வு எழுதுவதை நிறுத்தாதீர்கள். தமிழும் ஆங்கிலமும் பாஸானால் அது போகிற இடத்தில் கேட்டுப் பார்க்கத் தகுந்த கிரெடிட். அட்டென்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய்த் தேர்வு எழுத முடியாமல் வெளியேறியவரைப் பற்றிப் புதிய கல்லூரிக்கு நல்ல எண்ணம் வராது.

சிலபஸை ஒப்பிடுவது

கிரெடிட் கேட்கப் போகிறவர்கள் இதைச் செய்யாமல் துறைத் தலைவரைப் பார்க்கப் போகவே கூடாது. இரண்டு படிப்பின் சிலபஸையும், நீங்கள் சேர்ந்த வருஷத்துக்கு உரியதாகப் பார்த்து, அச்செடுங்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: பழைய பேப்பரின் பெயரும் குறியீட்டு எண்ணும், கிரெடிட், வாங்கிய மதிப்பெண், புதிய படிப்பில் அதற்கு ஈடான பேப்பர், எத்தனை யூனிட் பொருந்துகிறது. ஐந்து யூனிட்டில் குறைந்தது நான்கு பொருந்தினால்தான் பேச இடம் உண்டு. கிரெடிட் குறைவாக இருந்தால், பாடம் முழுக்கப் பொருந்தினாலும் ஏற்பது கடினம்.

பி.ஏ. பொருளாதாரத்தின் நுண்ணினப் பொருளாதாரத்துக்கும் பி.பி.ஏ.வின் நிர்வாகப் பொருளாதாரத்துக்கும் தேவை, அளிப்பு, செலவு, சந்தை வகைகள் எல்லாம் ஒன்றுதான், கேட்டுப் பார்க்கலாம். கணித மாணவர்களின் புள்ளியியலில் சராசரி, ஒட்டுறவு, தொடர்புப் போக்கு வரை பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸோடு ஒத்துப்போகும். குறியீட்டெண், காலத்தொடர் வரிசை இரண்டும் பல சமயம் விடுபட்டிருக்கும். பி.இ. முதல் வருஷக் கணிதமும் ஆங்கிலமும் தரத்தில் உயர்ந்தவை என்றாலும், பார்ட் ஒன், பார்ட் டூ என்ற அமைப்புக்குள் அவை உட்காராது. அதற்காகச் சண்டை போடுவது வீண்.

மலையாளம், இந்தி, பிரெஞ்சு என்று பார்ட் ஒன்னில் வேறு மொழி எடுத்தவர்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கம் நிறைய உண்டு. போகிற கல்லூரியில் அந்த மொழிக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் தமிழுக்கு மாற வேண்டி வரும். மொழிக் கிரெடிட்டும் போய்விடும். பி.காம்., பி.பி.ஏ.வில் மொழிப் பாடம் சில இடங்களில் இரண்டு செமஸ்டர், சில இடங்களில் நான்கு. இதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பி.பி.ஏ. என்றால் இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் கீழ் வந்துவிட்டன. ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடலாம். பி.காம்.முக்கு இது பொருந்தாது.

யாரிடம், என்ன எழுதிக் கேட்பது

முதலில் புதிய கல்லூரியின் துறைத் தலைவர், பிறகு பிரின்சிபால், பிறகு ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட். துறைத் தலைவர் "ஏன் மாறுகிறீர்கள்?" என்று கேட்பார். "கணிதம் கஷ்டம்" என்பது மோசமான பதில், பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் காஸ்ட் அக்கவுன்டிங்கும் காத்திருக்கின்றன. வீட்டுக் கடையின் கணக்கைப் பார்க்கிறவர், மீன் ஏலக் கணக்கோ முந்திரி ஆலைச் சம்பளப் பட்டியலோ எழுதிப் பழகியவர் என்றால் அதையே சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய உண்டு, கேட்டால் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இந்த அமைப்பு போதும்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். நான் ______ கல்லூரியில் ______ பட்டப்படிப்பில் ______ செமஸ்டர் முடித்துள்ளேன். பதிவு எண் ______. தேர்ச்சி பெற்ற பேப்பர்கள் ______, நிலுவை ______. தங்கள் கல்லூரியில் பி.பி.ஏ. ______ செமஸ்டரில் சேர விரும்புகிறேன். இரு பாடத்திட்டங்களின் ஒப்பீட்டுத் தாளும் மதிப்பெண் பட்டியல் நகல்களும் இணைத்துள்ளேன். இடம் உள்ளதா, எந்த செமஸ்டரில் சேர்க்க இயலும், நான் கூடுதலாக எழுத வேண்டிய பேப்பர்கள் எவை, அவற்றுக்கு அகமதிப்பீடு எவ்வாறு நடைபெறும் என்பதைத் தயவுகூர்ந்து எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

நிலுவையை மறைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலில் அது எப்படியும் தெரியும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இது பிடிவாதம் பிடிக்க வேண்டிய இடம்.

காகிதங்கள்

சம்மதக் கடிதம் வந்துவிட்டது. இப்போது பழைய கல்லூரி. முதலில் நிலுவையில்லாச் சான்று: நூலகம், லேப், ஹாஸ்டல், என்.சி.சி. சீருடை, விளையாட்டுப் பொருள் என ஒவ்வொரு கையெழுத்தாக வாங்க வேண்டும். லேபில் உடைந்த குடுவைக்குப் பணம் கட்டாததால் டி.சி. நிற்பது சாதாரணம். மே மாதத்தில் ஆசிரியர்கள் விடுப்பில் இருப்பார்கள், அதனால் கடைசித் தேர்வு நாளிலேயே இந்தச் சுற்றைத் தொடங்குங்கள்.

டி.சி. கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் பாருங்கள். பெயரும் இனிஷியலும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியா? பிறந்த தேதி சரியா? எந்த செமஸ்டர் வரை படித்தார், அடுத்த வகுப்புக்குத் தகுதி பெற்றாரா, இடையில் நின்றாரா என்பது எழுதியிருக்கிறதா? வெளியேறிய தேதி, கடைசித் தேர்வுத் தேதிக்கு முந்தியதாக இல்லையே? நம் பக்கத்தில் தகப்பனார் பெயர் ஒரு சான்றிதழில் இனிஷியலாகவும் இன்னொன்றில் முழுப்பெயராகவும் கிடப்பது வழக்கம். அன்றே திருத்தினால் பத்து நிமிஷம், பிறகு என்றால் அபிடவிட் வரை போகும். டி.சி.யோடு நன்னடத்தைச் சான்றிதழ், அட்டென்டன்ஸ் சான்று, செமஸ்டர் வாரியான மதிப்பெண் பட்டியல், கல்லூரி முத்திரையிட்ட சிலபஸ் நகல் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். டி.சி.யின் அசல் புதிய கல்லூரியில் போய்விடும். கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து, ஐந்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

பல்கலை மாறினால் இடப்பெயர்வுச் சான்றிதழ் தேவை, மைக்ரேஷன் என்று ஆபீஸில் சொல்வது அதைத்தான். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலையிலிருந்து தக்கலை குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் நிகர்நிலைப் பல்கலைக்குப் போனாலும் பல்கலை மாற்றம்தான், பஸ்ஸில் அரை மணி நேர தூரம் என்பதால் விதி மாறாது. பல்கலை அலுவலகம் திருநெல்வேலி தாண்டி, தென்காசி சாலையில் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. கல்லூரி பிரின்சிபாலின் பரிந்துரைக் கடிதமும் கட்டணம் கட்டிய ரசீதும் இல்லாமல் வடசேரியில் பஸ் ஏறாதீர்கள், ஒரு நாள் முழுக்கப் போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டி வரும். கேரள போர்டில் பிளஸ் டூ முடித்தவர்களிடம் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். அது வர நாளாகும் என்பதால் முதலில் விண்ணப்பிக்க வேண்டியது அதுதான்.

முதல் கல்லூரியில் படித்ததையே மறைத்து, பள்ளி டி.சி. தொலைந்ததாகச் சொல்லி இரட்டைப் பிரதி வாங்கிப் புதிதாகச் சேர நினைப்பவர்கள் உண்டு. மாநிலத்தின் உயர்கல்வி மாணவர் தகவல் பதிவான யூ.எம்.ஐ.எஸ்.ஸில் பெயர் ஏற்கெனவே ஒரு கல்லூரியில் கிடக்கும்; உதவித்தொகை விண்ணப்பத்தின்போது மாட்டும். ஒரு வருஷம் வேறு இடத்தில் படித்தது குற்றமில்லை, அதை நேராகச் சொல்லிச் சேருங்கள்.

பணம் எவ்வளவு திரும்பும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுக் கட்டணம், அதிலும் செயலாக்கக் கட்டணமாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி முடிந்து 15 நாள் வரை 80, அதற்கு மேல் 30 நாள் வரை 50, அதன் பிறகு ஒன்றும் இல்லை. சில வருஷங்களில் குழு இதைவிடச் சலுகையான சுற்றறிக்கையும் விடுவதுண்டு, அந்த வருஷத்துக்கானதைப் பாருங்கள். இந்தக் கணக்கில் எண்ணப்படுவது நீங்கள் விலகல் கடிதம் கொடுத்த தேதி. அதனால்தான் முத்திரையிட்ட பிரதி.

"மூணு வருஷக் கட்டணத்தையும் கட்டினாத்தான் டி.சி." என்று சில சுயநிதிக் கல்லூரிகளில், குறிப்பாகப் பொறியியலில், சொல்வார்கள். படிக்கிற செமஸ்டருக்கோ வருஷத்துக்கோ மட்டுமே முன்பணம் வாங்கலாம், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று அதே அறிவிக்கை சொல்கிறது. சத்தம் போடாமல், அறிவிக்கையின் நகலை இணைத்து எழுதிக் கொடுங்கள். அசையவில்லை என்றால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழு, பிறகு பல்கலையின் குறைதீர்ப்பாளர், மானியக் குழுவின் இ-சமாதான் இணையதளம் என்று படிப்படியாகப் போகலாம். பெரும்பாலும் முதல் கடிதத்திலேயே குரல் இறங்கிவிடும்.

கல்விக் கடன் வாங்கியிருந்தால் டி.சி.க்கு முன்பே வங்கிக் கிளைக்குப் போங்கள். கடன் அனுமதிக்கப்பட்டது அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்கு. சொல்லாமல் விலகினால் படிப்பு முடிந்ததாகக் கொண்டு தவணை தொடங்கிவிடலாம்.

களியக்காவிளை தாண்டுவது

கேரளப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 2024 முதல் நான்காண்டு பட்ட முறை வந்துவிட்டது. அங்கே மூன்று வருஷத்தில் வெளியேற 133 கிரெடிட், நான்கு வருஷத்துக்கு 177. இங்கே 140, பார்ட் ஒன்றிலிருந்து ஐந்து வரை வேறு அடுக்கு. இரண்டு பக்கமும் கிரெடிட் வங்கி (மாணவர் எடுத்த கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் இணையக் கணக்கு), டிஜிலாக்கர் என்று பேசினாலும், வங்கியில் கிரெடிட் இருப்பதால் மட்டும் அடுத்த கல்லூரி அதை ஏற்க வேண்டும் என்றில்லை. பட்டம் தருகிற நிறுவனத்தில் குறைந்தது பாதிக் கிரெடிட்டாவது சேர்த்திருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. எல்லை தாண்டி மாறுகிறவர்கள் முதல் வருஷம் என்று மனதில் வைத்தே போவது நல்லது. தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறவர்கள், அந்தப் பக்கம் போனால் அது தொடருமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சேர்வதற்கு முன் ஆறு வாரம்

அறிவியல் குரூப்பிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழுவது மேனேஜ்மென்ட்டில் அல்ல, அக்கவுன்டிங்கில். பற்று, வரவு எது என்று தெளியாமலே முதல் இன்டர்னல் வந்துவிடும். அதற்கு டியூஷன் தேவையில்லை, பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகம் போதும். அரசுப் பாடநூல் இணையத்தில் இலவசம். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு இந்த மூன்றுக்கு முதல் மூன்று வாரம். துணை ஏடுகளும் ரொக்க ஏடும் ஒரு வாரம். வங்கிச் சரிகட்டும் பட்டியலும் தேய்மானமும் ஒரு வாரம். கடைசி வாரம் இறுதிக் கணக்குகள். படித்தால் வராது, நோட்டில் கோடு போட்டு எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு போதும். இருப்பாய்வு சமன் ஆகவில்லை என்றால் முதலில் வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள், அந்தத் தொகை எங்காவது தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு: 540-க்குப் பதில் 450. பி.காம்.முக்குப் போகிறவர்கள் பிளஸ் டூ புத்தகத்தில் கூட்டாண்மைப் பாடங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மாறாமலே போகிற வழிகள்

சிலருக்கு மாற்றமே தேவைப்படாது. எம்.பி.ஏ.வுக்கு எந்தப் பட்டமும் போதும். மூன்று வருஷப் பட்டம், பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 45. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலை நடத்தும் டான்செட் தேர்வு, ஐ.ஐ.எம்.களுக்கு கேட். கணிதம் படித்தவருக்கு இந்தத் தேர்வுகள் பி.பி.ஏ. படித்தவரை விட எளிதாகக்கூட இருக்கும். சி.ஏ.வே குறி என்றால், பட்டம் முடித்து நேராக அதன் இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டில் சேர வணிகப் பட்டதாரிக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 60. பி.எஸ்சி. இயற்பியலில் 60 எடுத்தவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

2022-இல் மானியக் குழு ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் அனுமதித்தது. ரெகுலராக பி.எஸ்சி. முடித்துக்கொண்டே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலையிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலையிலோ வணிக, மேலாண்மைப் பட்டம் ஒன்றைத் தொலைதூரத்தில் படிக்கலாம். தேர்வுத் தேதிகள் மோதுகிறதா என்று மட்டும் கால அட்டவணையை வைத்துப் பாருங்கள். இரண்டாம் வருஷத்தில் இருப்பவர்களுக்கு, மாறுவதை விட இதுவே மேல்.

சேர்ந்த பிறகு

முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டியவை: பழைய கல்லூரி யூ.எம்.ஐ.எஸ்.ஸிலிருந்து பெயரை விடுவித்ததா என்று இரண்டு ஆபீஸிலும் கேட்பது, முதல் பட்டதாரி, சாதி, வருமானச் சான்றிதழ்களைப் புதிதாகக் கொடுப்பது, பஸ் பாஸ் வழியை மாற்றுவது. வருமானச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்கே செல்லும், பழையது காலாவதியாகியிருந்தால் இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள். பல்கலையின் அனுமதி ஆணை நகல் ஆபீஸ் கோப்பில் வந்துவிட்டதா என்று தேர்வுக் கட்டணம் கட்டும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது வராமல் கட்டணம் மட்டும் கட்டியிருந்தால் ஹால் டிக்கெட்டில் பெயர் வராது, அது தேர்வுக்கு முந்திய வாரம்தான் தெரியவரும்.